செம்மண் பொட்டல், ஒரே ஒரு விசில்: பொங்கல் டோர்னமென்ட் ரெஃப்ரி எதையெல்லாம் கவனிக்கணும்?

புதுவயல்_11

வணக்கம். காரைக்குடிப் பக்கம் பொங்கலை ஒட்டி ரெண்டு நாள் கால்பந்து நாக்அவுட் வைக்கிறாங்க. லெவன்ஸ் (டீமுக்கு 11 பேர்), 30+30 நிமிஷம், சமநிலைன்னா நேரா பெனால்டி ஷூட்அவுட். மெயின் ரெஃப்ரி ஒருத்தர்தான், அது நான். லைனுக்கு அந்தந்த டீமோட சப்ஸ்டிட்யூட் பசங்க கொடி பிடிப்பாங்க. விதிப்புத்தகம் படிச்சாச்சு. கிரவுண்டுல முதல்ல எதைப் பாக்கணும், ஒத்தை ஆளா ஆஃப்சைடை எப்படிப் பிடிக்கிறது, எந்தெந்த இடத்துல தகராறு வரும்? விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

தேவகோட்டை_விசில்

தம்பி, முதல் மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிரவுண்டுல இருங்க. கையில 50 மீட்டர் டேப் இருக்கட்டும்.

முதல்ல கோல்போஸ்ட். நம்ம பக்கம் பாதி கிரவுண்டுல போஸ்ட்டை மேட்சுக்கு முதல்நாள்தான் நடுவாங்க. அதுவும் தூக்கி வைக்கிற இரும்பு போஸ்ட்டுன்னா பின்கம்பியை முளையடிச்சுக் கட்டியிருக்கணும். பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுச்சுன்னா கட்டி முடிக்கிற வரைக்கும் மேட்ச் கிடையாது. பசங்க கம்பியில தொங்கி போஸ்ட் மேல சாஞ்சு உயிர் போன சம்பவங்கள் பல நாட்டுல உண்டு. கிராஸ்பார் ஒடிஞ்சா கயிறு கட்டி ஒப்பேத்தலாம்னு கமிட்டி சொல்லும், ஒத்துக்காதீங்க. கயிறு கூடாதுன்னு விதியிலேயே இருக்கு. சரிசெய்ய முடியலேன்னா ஆட்டத்தைக் கைவிடணும்.

அடுத்தது கோடு. போஸ்ட்டுக்கும் போஸ்ட்டுக்கும் உள்பக்கம் 7.32 மீட்டர், பாரோட அடிவிளிம்பு தரையில இருந்து 2.44. பாக்ஸ், அதாவது பெனால்டி ஏரியா, போஸ்ட்டோட உள்விளிம்புல இருந்து 16.5 மீட்டர். அதனால பாக்ஸோட மொத்த அகலம் 40.32, கோலை ஒட்டின சின்ன பாக்ஸ் 18.32. இந்த ரெண்டு எண்ணை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா அளக்குறது சுலபம். பெனால்டி புள்ளி 11 மீட்டர். கோடு போடுற பசங்க பெனால்டி புள்ளியைக் காலடியால எண்ணித்தான் வைப்பாங்க, 9 மீட்டர்லயும் இருக்கும் 12லயும் இருக்கும். அதை நீங்களே டேப் போட்டுப் பாத்துருங்க. மூலை சதுரமா வந்திருக்கான்னு பாக்க மூலையில இருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், இன்னொரு பக்கம் 4 மீட்டர் குறிச்சு, குறுக்கே 5 வருதான்னு பாருங்க.

சுட்ட சுண்ணாம்புத் தூள் போட விடாதீங்க. சறுக்கி விழுறவன் கண்ணுல பட்டா வெந்துரும். கோலமாவு போதும். செம்மண்ணுல அது நல்லாவும் தெரியும். ஆனா ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் மறுபடி போடணும், முக்கியமா கோல் கோடும் பாக்ஸ் முன்கோடும்.

பந்து 410 முதல் 450 கிராம், சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர். காத்து 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை அனுமதி. இறுகின தரையில கீழ்ப்பாதி அளவு காத்தே போதும், மேல அடைச்சா பந்து தலைக்கு மேல துள்ளிக்கிட்டே இருக்கும். சீமைக்கருவேல முள்ளு இருக்கிற பக்கம்னா குறைஞ்சது மூணு பந்து ரெடியா வேணும். ஆட்டத்துல பந்து காத்து இறங்கிட்டா நிறுத்தி டிராப் பால் (ரெஃப்ரி பந்தைத் தரையில போட்டு ஆட்டத்தைத் தொடங்குறது).

ஆத்தங்குடி_கமிட்டி

கூடவே நகை விஷயம். காப்பு, மோதிரம், செயின், கடுக்கன் எல்லாம் கழட்டணும். மேல பிளாஸ்டர் ஒட்டிக்கிறேன்னு வந்தா விதிப்படி செல்லாது. கோயில் கயிறு கட்டியிருக்கிறவங்க வருத்தப்படுவாங்க, அதனால மேட்ச் தொடங்குற நேரத்துல போய் நின்னு சண்டை போடாம, டீம் லிஸ்ட் வாங்கும்போதே கேப்டன்கிட்ட சொல்லிடுங்க. ஷின்பேட் (கணைக்கால் கவசம்) இல்லாம யாரையும் இறக்காதீங்க.

கொடிக்காரன்

ஆஃப்சைடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதாவது சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில் எதிரணிப் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும்விடக் கோலுக்கு அருகில் நிற்பது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தவறான ஆஃப்சைடு முடிவுகளில் பெரும்பாலானவை விதி தெரியாததால் வருவதில்லை, நின்ற இடத்தால் வருகின்றன.

(கோலியையும் சேர்த்து எண்ணி) கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரின் நேர்கோட்டில் நீங்கள் இருந்தால் மட்டுமே பார்ப்பது உண்மை. அந்தக் கோட்டுக்குப் பின்னால், அதாவது மைதான நடுப்பக்கமாகத் தங்கிவிட்டால், உங்கள் பார்வை சாய்வாகப் போகும். அப்போது தடுப்பாட்டக்காரருக்கும் உங்களுக்கும் இடையில் ஓடும் ஃபார்வர்டு, சமமாக இருந்தாலும் முன்னால் நிற்பதுபோல் தெரிவார். தடுப்பாட்டக்காரருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஃபார்வர்டு, உண்மையில் ஒரு அடி முன்னால் இருந்தாலும் சமமாகத் தெரிவார். நீங்கள் கோட்டைத் தாண்டி கோல் பக்கம் போய்விட்டால் இதே பிழை தலைகீழாகும். இதைத் தெரிந்துகொண்டால், தாமதமாகப் போய்ச் சேர்ந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஏமாறுகிறோம் என்று திருத்திக்கொள்ளலாம்.

ஒற்றை ரெஃப்ரி வழக்கமான மூலைவிட்ட ஓட்டத்தை அப்படியே ஓடக்கூடாது. அந்த ஓட்டம் இரண்டு லைன்ஸ்மேன் இருப்பதை வைத்து வகுக்கப்பட்டது. நீங்கள் இன்னும் அகலமாக, பந்து இல்லாத பக்கமாக ஒதுங்கி, மைதானத்தைக் குறுக்கே பார்த்தபடி ஓட வேண்டும். நீளமான பாஸ் அடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். கண் தடுப்பு வரிசையில் இருக்கட்டும், உதைத்த சத்தம் காதில் விழட்டும். பந்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவதற்குள் ஃபார்வர்டு ஒன்றிரண்டு மீட்டர் ஓடிவிடுவார், தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் ஏறியிருப்பார். 'தெளிவான ஆஃப்சைடு' என்று கூட்டம் கத்துவதில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தது.

கையும் தோளுக்குக் கீழுள்ள புயமும் ஆஃப்சைடு கணக்கில் வராது. சமநிலை ஆஃப்சைடு அல்ல. த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை. சொந்தப் பாதியில் நின்றவருக்கும் இல்லை, நடுக்கோட்டின் மேல் நின்றவருக்கும் இல்லை.

விசிலுக்கு அவசரம் வேண்டாம். ஆஃப்சைடு இடத்தில் நிற்பது குற்றமல்ல. அவர் பந்தைத் தொடும்வரை, அல்லது கோலியின் பார்வையை மறைத்தோ எதிரியோடு மோதியோ தலையிடும்வரை காத்திருங்கள். சற்றுத் தாமதமான விசில் நஷ்டமில்லை. அவசரப்பட்டு ஊதியபின் பின்னால் இருந்து வேறொருவர் ஓடிவந்து பந்தை எடுத்தால் அதைத் திருப்ப முடியாது.

பொட்டல்_பந்து

லைன்ல நிக்கிற பசங்க அவங்க டீமுக்குத்தான் கொடி தூக்குவாங்க. இது எல்லாருக்கும் தெரியும். அவங்களை நம்பி ஆஃப்சைடு கொடுத்தா அன்னைக்கே அடிதடி.

கொடிக்காரன்

அதனால்தான் அவர்களிடம் ஆஃப்சைடு கேட்கவே கூடாது. ஒரே வேலை: பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால் கொடி நேராக மேலே. திசை காட்ட வேண்டாம், யாருடைய த்ரோ என்று ரெஃப்ரி காட்டுவார். இதை இரண்டு டீம் கேப்டனும் நிற்கும்போதே அந்தப் பையன்களிடம் சொல்லுங்கள். கோட்டின் மேல் ஒரு துளி பந்து தொங்கினாலும் அது உள்ளேதான் என்பதையும் பந்தை வைத்துக் காட்டிவிடுங்கள்.

தேவகோட்டை_விசில்

இதுல எனக்கு அரைச் சம்மதம்தான். ஆடாத டீம்ல இருந்து ரெண்டு பேரைக் கேட்டு வாங்கலாம். முதல் மேட்ச் தோத்த டீம் ரெண்டாவது மேட்சுக்குக் கொடி பிடிக்கணும்னு கமிட்டி நோட்டீஸ்லேயே போட்டா வேலை முடிஞ்சது. பள்ளிக்கூடத்துல பிஇடி சார் டீச்சர் யாராவது கிடைச்சா இன்னும் நல்லது. பொண்ணுங்களையும் கேளுங்க. பக்கத்துத் திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி பட்டியல் வரைக்கும் போனவங்க.

பொட்டல்_பந்து

சரி. ஃபவுலுக்கு ஏன் இவ்வளவு யோசனை? கடைசி ஆள் ஃபவுல் பண்ணா ரெட். கையில பட்டா ஹேண்ட்பால். பந்தைத் தொட்டிருந்தா ஃபவுல் இல்ல. இந்த மூணையும் மைக்ல அறிவிச்சுட்டா மேட்ச் ஓடிரும்.

சிவப்பு_அட்டை

மூணுமே தப்பு. நம்ம ஊர்ல வர்ற சண்டைக்கெல்லாம் இந்த மூணுதான் காரணம், அதனால ஒவ்வொண்ணா எழுதுறேன்.

'கடைசி ஆள்'ங்கிற பேச்சே விதியில இல்ல. தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தாரான்னுதான் கேள்வி. அதுக்குப் பாக்க வேண்டியது நாலு: ஃபவுல் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம், ஆட்டம் கோலை நோக்கிப் போச்சா இல்ல கார்னர் கொடிப் பக்கம் ஒதுங்குச்சா, பந்தை அவர் கட்டுப்பாட்டுல வச்சிருப்பாரா, மத்த தடுப்பாட்டக்காரங்க எங்க எத்தனை பேர். நாலும் சேர்ந்தாத்தான் சிவப்பு. கடைசி ஆளா இருந்தும் நடுக்கோட்டுக்கிட்ட, பந்து விங் பக்கம் எகிறிப் போச்சுன்னா சிவப்பு கிடையாது, மஞ்சள்தான் வரும். நேர்மாறா, இன்னொரு தடுப்பாட்டக்காரர் பத்து மீட்டர் தள்ளி ஓடிக்கிட்டிருந்தாலும் அவரால எட்ட முடியாதுன்னா சிவப்பு கொடுக்கலாம்.

அதே ஃபவுல் சொந்த பாக்ஸுக்குள்ள, பந்துக்குப் போட்டி போடும்போது நடந்தா பெனால்டி கொடுத்து மஞ்சள். பெனால்டியோட சிவப்பும் சேர்ந்தா தண்டனை ரெட்டிப்பாகுதுன்னு 2016ல இதை மாத்துனாங்க. ஆனா சட்டையப் பிடிச்சு இழுத்தது, தள்ளினது, பந்தை விளையாட வாய்ப்பே இல்லாம காலை வாரினது இதெல்லாம் பாக்ஸுக்குள்ளயும் சிவப்புதான். பாக்ஸ் கோடு பாக்ஸைச் சேர்ந்தது, கோட்டு மேல நடந்தாலும் பெனால்டி. வெளியில ஆரம்பிச்ச சட்டைப் பிடி உள்ள வரைக்கும் தொடர்ந்தாலும் பெனால்டி.

'பந்தைத் தொட்டேன் சார்' கணக்குல வராது. பந்தைத் தொட்டுட்டு அதே வேகத்துல ஆள் கணுக்காலை மிதிச்சா ஃபவுல். அளவு மூணு படி: கவனக்குறைவுன்னா வெறும் ஃப்ரீ கிக், எதிராளிக்கு என்ன ஆகும்னு பாக்காம போனா மஞ்சள், அளவு மீறின பலம் அல்லது உடம்புக்கு ஆபத்துன்னா சிவப்பு. சறுக்கு டேக்கிள்ல பாருங்க: கால் தரையோட இருக்கா இல்ல எழும்பியிருக்கா, ஸ்டட் (பூட்ஸ் அடியில இருக்கிற முளை) எதிராளியப் பாத்திருக்கா, முழங்கால் மடங்கியிருக்கா இல்ல விறைச்சு நீட்டியிருக்கா, எவ்வளவு தூரத்துல இருந்து பாஞ்சாரு. செம்மண் சரளையில சறுக்கினா நினைச்ச இடத்துல நிக்க முடியாது, புழுதியோட ரெண்டு மீட்டர் சேர்ந்து போகும். அது பாஞ்சவனுக்கும் தெரியும். தரை மேல பழி போட்டுத் தப்பிக்க விடாதீங்க.

சிவப்பு_அட்டை

ஹேண்ட்பாலுக்குத் தனிப் பதிவு போடுறேன், ஒண்ணா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

கையோட எல்லை அக்குளோட அடிமட்டம் வரைக்கும். அதுக்கு மேல தோள், அது கை இல்ல. பாக்க வேண்டியது ரெண்டு விஷயம். பந்தை நோக்கிக் கை போச்சா? இல்லேன்னா, அந்தச் சமயத்துல அவர் பண்ற அசைவுக்குத் தேவையில்லாம கை விரிஞ்சு உடம்பை அகலமாக்குச்சா? குதிக்கும்போது கை கொஞ்சம் எழும்புறது இயல்பு. ஃப்ரீ கிக்கைத் தடுக்க சுவர் மாதிரி வரிசையா நிக்கிறவன் தலைக்கு மேல கையைத் தூக்கினா இயல்பு இல்ல. ரெண்டு மீட்டர்ல இருந்து அடிச்ச பந்து உடம்போட ஒட்டின கையில பட்டா ஆட்டம் தொடரட்டும்.

கோல் போடுறவருக்கு மட்டும் தனி விதி. தெரியாம பட்டாலும் சரி, சொந்தக் கையில பட்டு நேரா கோலுக்குப் போனாலோ, பட்ட கையோட உடனே அவரே கோல் அடிச்சாலோ கோல் இல்லை. ஆனா கூட ஆடுறவன் கையில தெரியாம பட்டு, பிறகு இன்னொருத்தர் அடிச்சா 2021ல இருந்து கோல் செல்லும். டிவியில பழைய மேட்ச் பாத்து வளர்ந்தவங்க இந்த இடத்துல கண்டிப்பா வாக்குவாதம் பண்ணுவாங்க.

1986 உலகக் கோப்பையில மரடோனா கையால தட்டின கோலை நடுவர் பாக்கல. முதுகுப் பக்கத்துல இருந்து பாத்தா தலையும் கையும் ஒண்ணா மறையும். அதனால உயரப் பந்து பாக்ஸுக்குள்ள வரும்போது நேர் பின்னால நிக்காதீங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல இடைவெளி தெரியுற மாதிரி பக்கவாட்டுல ரெண்டு அடி நகருங்க. கார்னருக்கும் இதேதான்.

புதுவயல்_11

அண்ணே, அட்வான்டேஜ் (ஃபவுல் நடந்தும் ஊதாம ஆட்டத்தை விடுறது) எப்ப கொடுக்கிறது? நம்ம பக்கம் கொடுத்தா "ரெஃப்ரி பாக்கல"ன்னு கத்துறாங்க.

தேவகோட்டை_விசில்

கத்துறதுக்குக் காரணம் கையும் வாயும் சேர்ந்து வேலை செய்யாததுதான். ரெண்டு கையையும் முன்னால வீசி, சத்தமா "பாத்தாச்சு, ஆடு!"ன்னு சொல்லுங்க. ரெண்டு மூணு விநாடி பாருங்க. பலன் வரலேன்னா திரும்பி அந்த ஃபவுலுக்கே ஊதலாம், விதி இடம் கொடுக்குது. ஆனா ஃபார்வர்டு பந்தை வாங்கி நல்ல ஷாட்டும் அடிச்சு வெளிய போச்சுன்னா அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சாச்சு, திரும்ப ஃப்ரீ கிக் கிடையாது.

ஃபவுல் வாங்கின டீமோட சொந்தப் பாதியில அட்வான்டேஜ் கொடுக்கவே வேண்டாம். ஃப்ரீ கிக்தான் அவங்களுக்கு லாபம். ஆட்டம் சூடா இருந்தாலும் கொடுக்காதீங்க. அடி வாங்கினவன் அடுத்த நிமிஷமே பதிலுக்கு மிதிப்பான். சிவப்புக்குரிய முரட்டு ஃபவுலுக்குப் பிறகு, கோல் வாய்ப்பு கண்ணெதிர இருந்தாலொழிய ஆட்டத்தை விடவே கூடாது.

மேலூரணி

முடிவு சரியா இருந்தும் திரும்பத் தொடங்குறதுல கோட்டை விடுறவங்கதான் அதிகம். எங்க பக்கம் அடிக்கடி வர்றது:

ஆடோ நாயோ உள்ள வந்தா உடனே ஊதாதீங்க. ஆட்டத்துக்கு இடைஞ்சல் ஆனா மட்டும் நிறுத்தி டிராப் பால். கோலுக்குள்ள போய்க்கிட்டிருக்கிற பந்து நாய் மேல பட்டும் உள்ள போச்சுன்னா, தடுக்கிறவரை அது மறிக்கலேன்னா, கோல் செல்லும்.

டிராப் பால் இப்ப ரெண்டு பேர் நடுவுல போடுறது இல்ல. பாக்ஸுக்குள்ள பந்து இருக்கும்போது நின்னிருந்தா தடுக்கிற டீம் கோலிக்கு. வெளியன்னா பந்தை வச்சிருந்த டீமுக்கு, அல்லது அடுத்து யார் கையில போயிருக்கும்னு தெளிவா தெரிஞ்சா அவங்களுக்கு. தெளிவில்லேன்னா கடைசியாத் தொட்ட டீமுக்கு. மத்த எல்லாரும் 4 மீட்டர் தள்ளி.

பந்து உங்க மேலயே பட்டா? பட்டதால கோல் ஆனாலோ, எதிர் டீம் கைக்குப் போனாலோ, ஒரு நல்ல அட்டாக் பிறந்தாலோ டிராப் பால். இல்லேன்னா ஆடட்டும்.

இன்டைரக்ட் ஃப்ரீ கிக்ல (நேரா அடிச்சா கோல் செல்லாதது) கையைத் தூக்கி வச்சிருக்கணும், இன்னொருத்தர் தொடுற வரைக்கும். கை தூக்க மறந்து, அது நேரா கோலுக்குள்ள போயிருச்சுன்னா மறுபடி எடுக்கச் சொல்லணும். கை தூக்கியிருந்து நேரா போனா கோல் கிக்.

த்ரோல கால் கோட்டை மிதிச்சா ஃபவுல்னு கத்துவாங்க. ஃபவுல் இல்ல. ரெண்டு பாதத்துலயும் ஒரு பகுதி கோட்டு மேலயோ வெளியவோ தரையில இருந்தா போதும். எதிராளி 2 மீட்டர் தள்ளி நிக்கணும்.

பந்து ஊருணிக்குள்ள போயிட்டா நேரத்தை நிறுத்திக் குறிச்சுக்கங்க.

ஆத்தங்குடி_கமிட்டி

கோலி பந்தை 8 விநாடிக்கு மேல வச்சிருந்தா கார்னர்னு புது விதி வந்திருக்கே, அதைக் கொண்டுவரலாமா? பசங்களுக்குப் பழைய 6 விநாடிதான் தெரியும்.

சிவப்பு_அட்டை

2025-26 விதிப்புத்தகத்துல இருந்து அதுதான் நடைமுறை. கடைசி 5 விநாடியைக் கையைத் தூக்கி விரலால எண்ணிக் காட்டணும். எண்ணிக் காட்டாம திடீர்னு கார்னர் கொடுத்தா கிரவுண்டே உள்ள வந்துரும். கேப்டன் கூட்டத்துல சொல்லி, முதல் மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடி மைக்லயும் சொல்லிடுங்க. பழைய விதியே போதும்னு கமிட்டி முடிவு பண்ணா அதையும் எழுதி ஒட்டணும். பாதி டோர்னமென்ட்ல மாத்தக் கூடாது.

பொட்டல்_பந்து

பெங்களூரு-கேரளா மேட்ச் மாதிரி ஃப்ரீ கிக்கை வேகமா எடுத்து கோல் அடிச்சா என்ன பண்றது? சுவர் நிக்காமலே அடிச்சா அநியாயம்தானே?

தேவகோட்டை_விசில்

2023 மார்ச் 3, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளேஆஃப், எக்ஸ்ட்ரா டைம். சுனில் சேத்ரி கேரளா சுவர் கட்டுறதுக்குள்ள அடிச்சாரு, கோல் கொடுக்கப்பட்டது, கேரளா டீம் ஆடாம வெளிய நடந்துருச்சு. வேகமா எடுக்கிறது ஃபவுல் வாங்கின டீமோட உரிமை. 9.15 மீட்டர் தள்ளி நிக்கிறது தடுக்கிறவன் கடமை, அதுக்காகக் காத்திருக்கணும்னு எங்கயும் எழுதல.

அந்தத் தகராறு உங்களுக்கு வராம இருக்க ஒரே வழி, நீங்க எந்த நிலையில இருக்கீங்கன்னு எல்லாருக்கும் தெரியணும். ஃபவுல் கொடுத்ததும் ஒரு நொடி தள்ளி நில்லுங்க. அடிக்கிறவன் "சார், சுவர்"னு கேட்டா, அல்லது நீங்களே தூரம் அளக்கப் போனா, அல்லது கார்டுக்கு பாக்கெட்ல கை வச்சா, அந்த நொடியில இருந்து விசில் இல்லாம எடுக்கக் கூடாது. விசிலைத் தூக்கிக் காட்டி, விரலால தட்டி, "விசிலுக்கு அப்புறம்"னு அடிக்கிறவன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. பாதி அளந்துட்டு முதுகைத் திருப்பி நிக்கிற ரெஃப்ரிதான் மாட்டுவாரு.

மூணு பேரோ அதுக்கு மேலயோ சுவர் நின்னா அட்டாக் பண்ற டீம் ஆளுங்க அந்தச் சுவர்ல இருந்து 1 மீட்டர் தள்ளி நிக்கணும். கிக் எடுக்கும்போது அதுக்குள்ள நின்னா இன்டைரக்ட். நம்ம ஊர்ல இதை யாரும் ஊதுறது இல்ல. ஊதுனா முதல் பத்து நிமிஷத்துலயே சுவர் தள்ளுமுள்ளு நின்னுரும்.

புதுவயல்_11

கார்டு, கூட்டம், அடிதடி பத்தி? ஃபைனலுக்கு சுத்துப்பட்டு ஊரெல்லாம் வரும்.

சிவப்பு_அட்டை

கார்டைக் காட்டுறதுக்கு முன்னாடி எழுதுங்க: நம்பர், டீம், நிமிஷம், காரணம். 2006 உலகக் கோப்பையில குரோஷியா-ஆஸ்திரேலியா மேட்ச்ல ஒரே ஆட்டக்காரருக்கு மூணு மஞ்சள் காட்டப்பட்டது, ரெண்டாவதுக்கே வெளிய போயிருக்க வேண்டியவர். உலகக் கோப்பை நடுவருக்கே குறிப்புல தடுமாற்றம் வந்திருக்கு. நம்ம பசங்க ஜெர்சியில நம்பர் வியர்வையில உரிஞ்சு வரும், ரெண்டு பேருக்கு ஒரே நம்பரும் இருக்கும். கிக்ஆஃபுக்கு முன்னாடி பேர் லிஸ்ட்டோட ஒத்துப் பாத்துடுங்க.

சிவப்பு காட்டினதுக்குப் பிறகு அவர் பெஞ்ச்ல உக்காரக் கூடாது, வேலிக்கு வெளிய போகணும். ஒரு டீம் 7 பேருக்குக் கீழ போனா ஆட்டம் தொடராது.

தேவகோட்டை_விசில்

கூட்டத்துக்கு: கோட்டுல இருந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டச் சொல்லுங்க. கோல் கோட்டுக்குப் பின்னால யாரும் நிக்கக் கூடாது, அங்க நிக்கிறவங்கதான் கோலியோட வாய் கொடுக்கிறது. மைக் வச்சிருக்கிறவர்கிட்ட மேட்சுக்கு முன்னாடியே பேசுங்க. "ரெஃப்ரி தப்பு பண்ணிட்டார்"னு ஒருதரம் மைக்ல சொன்னா, அதுக்கப்புறம் எந்த முடிவும் எடுபடாது.

ஆட்டக்காரர்கள்ல கேப்டன் மட்டும் வந்து கேக்கலாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க, இப்ப மேல்மட்டத்துலயும் அதுதான் வழக்கம். பத்து பேர் சூழ்ந்தா நீங்க பின்னால போங்க, முகம் அவங்கள நோக்கியே இருக்கட்டும். கேப்டன் கோலியா இருந்தா நடு மைதானத்துல இருந்து பேச ஒருத்தரை டாஸ் போடும்போதே சொல்லி வைக்கணும்.

தள்ளுமுள்ளு ஆச்சுன்னா நடுவுல புகுந்து பிரிக்காதீங்க. உங்க வேலை பத்து மீட்டர் தள்ளி நின்னு யார் முதல்ல கை வச்சான், யார் மூணாவதா ஓடிவந்தான்னு நம்பரைப் பாக்குறது. அடங்கினதும் முதல் குற்றத்துக்கு ஏத்தபடி ஆட்டத்தைத் தொடங்கணும், ரெண்டாவதுக்கு இல்ல. உங்க மேல கை வச்சா மேட்ச் அங்கயே முடிஞ்சது. எழுதி கமிட்டிக்கும் மாவட்ட கால்பந்து சங்கத்துக்கும் கொடுங்க.

இன்னொண்ணு. ஊதின முடிவு தப்புன்னு உங்களுக்கே தெரிஞ்சா, ஆட்டம் மறுபடி தொடங்காத வரைக்கும் மாத்தலாம். தொடங்கிட்டா முடிஞ்சது. அதுக்காக அடுத்த முடிவை இங்கிட்டு சாய்ச்சு சரிக்கட்டாதீங்க. ரெண்டு டீமும் அதைக் கண்டுபிடிச்சுரும், அப்புறம் நீங்க சரியா ஊதுறதையும் பேரம்னு நினைப்பாங்க.

மேலூரணி

நேரக் கணக்கு. தை மாசம் சாயங்காலம் 6 மணிக்கு மேல வெளிச்சம் இறங்கிரும். 30+30, நடுவுல 5, கூடுதல் நேரம் 3, ஷூட்அவுட் 15 நிமிஷம்னு வச்சா ஒன்றரை மணி நேரம் பக்கம். கடைசி மேட்சை 4 மணிக்கு மேல தொடங்காதீங்க. நோட்டீஸ்ல 4 மணின்னு போட்டு, விருந்தினர் வந்து கை குலுக்கி முடிக்கையில 5 ஆகும், அது கமிட்டிக்குத் தெரியட்டும். மத்தியான மேட்சுக்குத் தண்ணி இடைவேளை ஒரு நிமிஷம், அதையும் கூடுதல் நேரத்துல சேர்க்கணும்.

ஆத்தங்குடி_கமிட்டி

விருந்தினர் விஷயம் எங்க கையில இல்ல சார் 🙂 ஷூட்அவுட்டுக்கு ரெஃப்ரி எங்க நிக்கணும்? அதையும் சொல்லிடுங்க.

கொடிக்காரன்

லைன்ஸ்மேன் இல்லாதபோது, கோல் கோடும் சின்ன பாக்ஸ் கோடும் சேரும் இடத்துக்கு அருகில். இரண்டு விஷயம் அங்கிருந்துதான் தெரியும்: பந்து கோட்டைத் தாண்டியதா, உதைக்கும் நொடியில் கோலியின் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டைத் தொட்டபடியோ கோட்டுக்கு நேராகவோ கோட்டுக்குப் பின்னாலோ இருந்ததா. உதைப்பவர் நடுவில் நிற்பதுபோல் ஏமாற்றுவதைப் பார்க்க அங்கிருந்து கொஞ்சம் சிரமம்தான். இருந்தாலும் கோலியின் காலை விட்டுவிடுவதைவிட அது பரவாயில்லை.

எந்தக் கோல் என்பதற்கு டாஸ். ஆனால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும் கோலையோ கூட்டம் நெருக்கும் கோலையோ நீங்களே தவிர்க்கலாம். பாதுகாப்பும் தரையின் நிலையும் டாஸுக்கு முன்னால் வரும். இரண்டாவது டாஸில் ஜெயித்தவர் முதலில் அடிப்பதா பிறகு அடிப்பதா என்று முடிவு செய்வார். ஆட்டம் முடிந்தபோது களத்தில் இருந்தவர்கள் மட்டுமே அடிக்கலாம். ஒரு டீமில் 11, இன்னொன்றில் 10 என்றால் 11 இருப்பவர்கள் ஒருவரைக் குறைக்க வேண்டும். ஆட்டத்தில் வாங்கிய மஞ்சள் ஷூட்அவுட்டுக்குத் தொடராது.

கோலி முன்னால் வந்து பந்தைத் தடுத்தால் மறு உதை, முதல் தடவை எச்சரிக்கை, திரும்பச் செய்தால் மஞ்சள். பந்து வெளியே போனாலோ போஸ்ட்டில் பட்டுத் திரும்பினாலோ, கோலியின் அசைவு உதைப்பவரைத் தெளிவாகக் குழப்பியிருந்தால் மட்டுமே மறு உதை. உதைப்பவர் சறுக்கி இரண்டு காலிலும் தெரியாமல் பந்து பட்டு கோல் ஆனால், 2025 ஜூனில் இஃபாப் (கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பு) கொடுத்த விளக்கப்படி மறு உதை. கோல் ஆகவில்லையென்றால் தவறவிட்டதாகக் கணக்கு. சரளை மண்ணில் ஊன்றுகால் வழுக்குவது சகஜம், அதனால் ஷூட்அவுட்டுக்கு முன் பெனால்டி புள்ளியைச் சுற்றி இரண்டு மீட்டர் பெருக்கி, தண்ணீர் தெளித்து மிதித்துவிடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு உதையையும் அட்டையில் நம்பரோடு குறியுங்கள். கூட்டம் எண்ணும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

புதுவயல்_11

எல்லாத்தையும் ஒரு தாள்ல எடுத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும்: பேக்பாஸை (சொந்த டீம் ஆள் திருப்பிக் கொடுத்த பந்தை) கோலி சின்ன பாக்ஸுக்குள்ள கையால எடுத்தா இன்டைரக்ட் எங்க வைக்கிறது?

மேலூரணி

காலால வேணும்னே கொடுத்திருந்தா மட்டும் ஃபவுல், தலையாலயோ முழங்காலாலயோ கொடுத்தா இல்ல. பந்தை கோல் கோட்டுக்கு இணையா இருக்கிற சின்ன பாக்ஸ் கோட்டு மேல, நடந்த இடத்துக்கு நேரா வைங்க. தடுக்கிறவங்க 9.15 மீட்டர் போக முடியாதுங்கிறதால போஸ்ட்டுக்கு நடுவுல கோல் கோட்டு மேல நிக்கலாம். கார்டு கிடையாது.